பாஸ்போர்ட் சொன்ன வயது

2001. நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும். துபாய் கராமா மீன் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில் அப்போது எனக்கு வேலை. விசா, மெடிக்கல், லேபர் கார்டு, எமிக்ரேஷன் என்று எந்தத் தாள் ஆனாலும் அரபியில் தட்டிக் கொடுக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு ஒரு பெண் வந்தாள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய அபாயா. கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாஸ்போர்ட், நாலு போட்டோ, விசா கொடுக்கும் முதலாளியான கஃபீலின் பாஸ்போர்ட் நகல். அழைத்து வந்த வீட்டு டிரைவர் ஏசி போட்ட வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இலங்கை பாஸ்போர்ட். பிறந்த வருடம் 1978. எதிரே நின்ற முகத்துக்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டவே இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு என்று முதல் சொல்லிலேயே தெரிந்தது. "எந்த வருசம் பொறந்த, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"கலவரத்துக்கு அடுத்த வருசம் எண்டு உம்மா சொல்லுவா, காக்கா."

"எந்தக் கலவரம்?"

"எண்பத்து மூண்டு."

அப்படியென்றால் 1984. பதினேழு வயது. விரல் ஒரு நொடி நின்றது. பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே தட்டுவதுதான் டைப்பிங் சென்டர் வேலை. வேறொன்று தட்டினால் தாள் திரும்பி வரும், முதலாளி திட்டுவார். 1978 என்று தட்டினேன். பத்து திர்ஹம் கொடுத்து, கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போனாள். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவில்லை.

சில வருடங்கள் கழித்து இன்னொரு பெண்ணின் வயது உலகச் செய்தியானது. அவளுடைய பாஸ்போர்ட்டிலும் இதே ஆறு வருட வித்தியாசம். அன்றிலிருந்து, வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் நின்ற வழக்குகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். தேடல் வளைகுடாவில் தொடங்கி அமெரிக்கா வரை போனது. நூற்றைம்பது வருட இடைவெளியிலும் அந்தப் பெண்களுக்கு ஒரே கதிதான். கூண்டுக்கு வரும்போது அவர்களுடைய பெயரோ, வயதோ, பேச்சோ அவர்கள் கையில் இருப்பதில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்ததோடு வந்து நிற்கிறார்கள்.

மேகி என்று கூப்பிட்டால் பிரிட்ஜெட் வர வேண்டும்

அமெரிக்காவின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொலை வழக்குகளில் லிஸி போர்டன் வழக்கை அறியாதவர் அங்கே இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலம், ஃபால் ரிவர் நகரம், 1892 ஆகஸ்ட் 4. காலை வெயிலில் ஒரு பணக்கார வீட்டுக்குள் ஆண்ட்ரூ போர்டனும் அவருடைய இரண்டாவது மனைவி அப்பியும் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். மகள் லிஸி கைதானாள். 1893 ஜூன் 20ஆம் தேதி ஜூரி அவளைக் குற்றமற்றவள் என்று விடுவித்தது. கொன்றது யார் என்பதற்கு இன்றுவரை விடையில்லை. அதைப் பற்றிப் புத்தகங்களும் கட்டுரைகளும் எழுதிக் குவித்துவிட்டார்கள்.

என் கவனம் போனது அந்த வீட்டு வேலைக்காரியிடம். பிரிட்ஜெட் சல்லிவன், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவள், வயது இருபதுகளின் நடுவில். அன்று காலை உடம்புக்கு முடியாமல் வாந்தி எடுத்திருந்தாள். அந்த ஆகஸ்ட் வெக்கையில் வீட்டு ஜன்னல்களை எல்லாம் வெளிப்பக்கம் கழுவச் சொன்னார்கள், கழுவினாள். முடித்துவிட்டு மேல்மாடி அறையில் கொஞ்சம் படுத்தாள். கீழேயிருந்து லிஸியின் குரல் வந்தது. "மேகி" என்று கூப்பிட்டாள். அப்பாவை யாரோ கொன்றுவிட்டார்கள், இறங்கி வா.

பிரிட்ஜெட்டுக்கு ஏன் மேகி? இவளுக்கு முன்பு அந்த வீட்டில் வேலை பார்த்தவள் பெயர் மேகி. வேலைக்காரி மாறினாலும் போர்டன் சகோதரிகள் கூப்பிடும் பெயரை மாற்றவில்லை. அந்தக் கால அமெரிக்காவில் ஐரிஷ் வேலைக்காரிகள் அத்தனை பேருக்கும் பொதுவாகவே 'பிட்டி' என்று ஒரு பெயர் இருந்தது, அதுவும் பிரிட்ஜெட் என்பதன் சுருக்கம்தான். கராமாவில் இதைப் படிக்கும் பெண்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வேலைக்காரி என்று பொருள்படும் கத்தாமா, ஷகாலா என்ற அரபிச் சொற்களுக்குள் எத்தனை பாத்திமாக்களும் செல்விகளும் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

பிரிட்ஜெட் சாட்சி சொல்லிவிட்டுத் தப்பித்தாள். மேற்கே மான்டானாவுக்குப் போய்க் கல்யாணம் செய்து, 1948 வரை வாழ்ந்தாள். இன்னொரு பிரிட்ஜெட்டுக்கு அந்த வாழ்வு கிடைக்கவில்லை. நியூஜெர்சியில் நியூமார்க்கெட் என்ற ஊர். 1867 பிப்ரவரி 25ஆம் தேதி இரவு ஒரு டாக்டரின் மனைவி வீட்டுக்குள் கொல்லப்பட்டார், வீட்டுக்குத் தீயும் வைக்கப்பட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தாரிடம் ஓடிவந்த வேலைக்காரி பிரிட்ஜெட் டர்கன்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல வாக்குமூலங்கள் அவள் பெயரில் வெளியாகின. அவள் தூக்கில் தொங்குவதற்குள் துண்டுப்பிரசுரங்கள் அச்சாகி விற்றன. சிறையில் போய்ப் பார்த்த எலிசபெத் ஓக்ஸ் ஸ்மித், பெண்ணுரிமைக்காக மேடையேறியவர், அவரே இந்தப் பெண்ணின் முகத்தையும் கண்ணையும் விலங்கோடு ஒப்பிட்டு எழுதினார். ஆறே மாதத்தில், ஆகஸ்ட் 30ஆம் தேதி, நியூபிரன்ஸ்விக் சிறை முற்றத்தில் கூட்டம் கூடி நிற்கத் தூக்கிலிட்டார்கள்.

டர்கன் கொலை செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஒரு ஏழைப் பெண் இன்னொரு வீட்டின் கதவுக்குள் நுழைந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லும் உரிமை அவளுக்கு எவ்வளவு குறைவு என்பதைப் பார்க்கிறேன். அயர்லாந்தில் வறுமை துரத்தியதால் கப்பலேறிய அந்தப் பெண்கள் இருந்த இடத்தில் நூறு வருடம் கழித்து நம் பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள்.

அல் ஐனில் பதினைந்து வயது

வளைகுடாவில் இந்த விஷயம் பெரிதாக வெடித்தது நாம் இருக்கும் இந்த அமீரகத்தில்தான். சாரா பலபகன். பிலிப்பைன்ஸின் தெற்கே மிண்டனாவோ தீவில் ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பெண். பாஸ்போர்ட்டில் அவள் வயதை இருபத்தைந்துக்கு மேல் ஏற்றி எழுதி அனுப்பி வைத்தார்கள். 1994 ஜூலை 19ஆம் தேதி, அல் ஐனில் வேலை பார்த்த வீட்டு முதியவரை அவள் கத்தியால் குத்தினாள். உடம்பில் முப்பத்து நான்கு குத்து. கத்தியைக் காட்டித் தன்னைக் கெடுத்தார், அதே கத்தியைப் பிடுங்கிக் குத்தினேன் என்றாள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து.

1995 ஜூனில் வந்த முதல் தீர்ப்பை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவள் கெடுக்கப்பட்டவள்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு ஒரு லட்சம் திர்ஹம் இழப்பீடு வழங்கியது. அதே தீர்ப்பில் கொலைக்கு ஏழு வருடம் சிறை, இறந்தவர் குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம் திர்ஹம் இரத்தப் பணம். மறுவிசாரணை வந்தது. செப்டம்பரில் மரண தண்டனை.

அந்த வருடம் மார்ச்சில்தான் சிங்கப்பூரில் ஃப்ளோர் கான்டெம்ப்ளசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டிருந்தார். மணிலா தெருவுக்கு வந்திருந்தது. அடுத்து சாராவா என்று அந்த நாடே கேட்டது. அமீரக அதிபர் ஷேக் ஸாயித் தலையிட்டார். இறந்தவரின் குடும்பம் உயிருக்கு உயிர் என்ற கோரிக்கையைக் கைவிட்டது. அக்டோபர் 30ஆம் தேதி மூன்றாவது தீர்ப்பு: ஒரு வருடம் சிறை, நூறு கசையடி, ஒன்றரை லட்சம் இரத்தப் பணம். பணத்தைப் பிலிப்பைன்ஸ் தொழிலதிபர் ஒருவர் கட்டினார். 1996 ஆகஸ்ட் 1ஆம் தேதி சாரா மணிலாவில் இறங்கினாள்.

ஒரு நாடு எழுந்து நின்றது, ஒரு பெண் ஊர் திரும்பினாள். அடுத்து வரும் பெண்ணுக்காக எழுந்து நின்றவர்கள் சிலர்தான்.

மூதூரிலிருந்து தவாத்மிக்கு

ரிசானா நஃபீக். திருகோணமலை மாவட்டம் மூதூர். அப்பா விறகு வெட்டி விற்பவர். பிள்ளைகளில் மூத்தவள் இவள். பல வருடப் போர், அதன் மேல் 2004 டிசம்பரில் சுனாமி. சுனாமி போய் ஐந்தாவது மாதம், 2005 மே 4ஆம் தேதி, ரிசானா சவூதி அரேபியாவில் இறங்கினாள். பிறப்புச் சான்றிதழ்படி அவள் பிறந்தது 1988 பிப்ரவரி 4. முகவர் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டில் 1982 பிப்ரவரி 2. பதினேழு வயதுப் பெண் தாளில் இருபத்து மூன்றானாள்.

ரியாதிலிருந்து மேற்கே, பாலைவனத்துக்கு நடுவே தவாத்மி என்ற ஊர். சமையல், துணி, வீடு கூட்டித் துடைப்பது, இத்தனைக்கும் மேல் நான்கு மாதக் கைக்குழந்தை. பிள்ளை வளர்க்கும் பயிற்சி எதுவும் அவளுக்குக் கிடையாது. வந்து பதினெட்டாம் நாள், மே 22, புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது குழந்தைக்குப் புரையேறி வாயிலும் மூக்கிலும் பால் வந்தது என்றும், தொண்டையைத் தடவிக் கொடுத்தேன் என்றும், கண் மூடியதைப் பார்த்துத் தூங்கிவிட்டது என்று நினைத்தேன் என்றும் அவள் பின்னர் எழுதிக் கொடுத்தாள். குழந்தை இறந்திருந்தது. கழுத்தை நெரித்துக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு.

பிள்ளைக்குப் பால் கொடுத்த யாருக்கும் இந்த இடம் புரியும். பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகில் தட்டி ஏப்பம் விடவைக்க வேண்டும் என்பதை நம் வீடுகளில் அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் நின்று சொல்லித் தருவார்கள். கைப்பிள்ளையின் தலை நிற்கக் கழுத்துக்குக் கீழே கை கொடுக்க வேண்டும் என்பதும் அப்படிக் கற்றதுதான். அந்த வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் நின்று சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் அரபியில்தான் சொல்லியிருப்பார்கள். பதினெட்டு நாளில் அவள் எவ்வளவு அரபி கற்றிருப்பாள்?

பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாயின் துக்கத்தை நான் சிறிதாக்கவில்லை. நான்கு மாதக் குழந்தை, அவர்கள் வீட்டு விளக்கு. காரணம் தெரிய வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் காரணத்தைச் சொல்லக்கூடிய பிரேதப் பரிசோதனை நடக்கவே இல்லை என்பதுதான் இந்த வழக்கில் திரும்பத் திரும்ப எழுந்த புகார். பரிசோதனை இல்லாத இடத்தில் வாக்குமூலம்தான் எல்லாம் ஆனது.

அந்த வாக்குமூலம் எந்த மொழியில் நடந்தது? ரிசானாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வழக்கைக் கையில் எடுத்த ஹாங்காங்கின் ஆசிய மனித உரிமை ஆணையம் சொன்னது இது: பொலிஸ் நிலையத்தில் மொழிபெயர்த்தவர் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்ல. கர்நாடகத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி. அவருக்கு எவ்வளவு தமிழ் தெரியும் என்பதே கேள்வி. அவரைக் கூண்டிலேற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று வந்தபோது அவர் நாட்டை விட்டே போயிருந்தார்.

டைப்பிங் சென்டரில் இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே தமிழ் என்று சொல்கிறோம், ஆனால் மூதூர்ப் பெண் பேசும்போது கும்பகோணத்துக்காரர் இரண்டாவது முறை கேட்பார். "பிள்ளை மவுத்தாகிட்டுது" என்று அவள் சொல்லியிருந்தால் சென்னையிலேயே எத்தனை பேருக்குப் பிடிபடும்? புரையேறியது என்பதற்கும் தொண்டையைப் பிடித்தது என்பதற்கும் நடுவில் ஓர் உயிர் நின்றது. அந்த வித்தியாசத்தை அரபிக்குக் கொண்டுபோக வேண்டியவருக்குத் தமிழே சரியாக வரவில்லை என்றால், கையெழுத்து மட்டும் யாருடையது? அடித்து வாங்கினார்கள் என்று சொல்லி ரிசானா அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றாள். எடுபடவில்லை.

2007 ஜூன் 16ஆம் தேதி தவாத்மி நீதிமன்றம் தலையை வெட்டும் தண்டனை விதித்தது. அதுவரை அவளுக்கென்று வழக்கறிஞர் இல்லை. மேல்முறையீட்டுக்கான வக்கீல் கட்டணத்தை இலங்கை அரசு கட்டவில்லை. ஆணையம் உலகெங்கும் கையேந்தித் திரட்டிக் கட்டியது. 2010இல் மேல்மன்றமும் தண்டனையை உறுதி செய்தது. பெற்றோர் சவூதிக்குப் போய் மகளைப் பார்த்தார்கள், மன்னிப்புக்காகத் தூதுகள் போயின. அந்தக் குடும்பம் மன்னிக்கவில்லை. அதிபர் ராஜபக்ச சவூதி மன்னருக்கு எழுதினார். 2013 ஜனவரி 9ஆம் தேதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. சிறையில் கழிந்த வருடங்கள் ஏழரை. இலங்கை நாடாளுமன்றம் ஒரு நிமிடம் எழுந்து நின்றது.

உலகம் கண்டித்தபோது சவூதி தரப்பு சொன்ன பதில், பாஸ்போர்ட்படி அவர் வயதுவந்தவர் என்பது. குற்றம் நடந்தபோது பதினெட்டு நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்கிற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை சவூதி 1996இலேயே ஏற்றிருந்தது. பிறப்புச் சான்றிதழ் ஏற்கப்பட்டிருந்தால் அந்த உடன்படிக்கை அவளுக்குக் குடையாக நின்றிருக்கும். மூதூருக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு முகவர் மாற்றிய தேதி அந்தக் குடையைப் பிடுங்கிவிட்டது. வேலை கிடைக்கட்டும் என்று ஏற்றிய வயது அவள் கழுத்து வரை வந்தது. அந்தப் பாஸ்போர்ட்டுக்குப் பொறுப்பான முகவர்களுக்குக் கொழும்பு நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது.

மன்னிப்புக்கும் மொழி வேண்டும்

வளைகுடாச் சட்டத்தில் கொலைக்குத் தீர்ப்பு நீதிபதியோடு முடிவதில்லை. கிஸாஸ், உயிருக்கு உயிர் கேட்கலாம். தியா, இரத்தப் பணம் வாங்கிக்கொண்டு விடலாம். ஒன்றும் வாங்காமல் மன்னிக்கவும் செய்யலாம். மூன்றும் இறந்தவரின் வாரிசுகள் கையில். குர்ஆன் மன்னிப்பை உயர்வாகச் சொல்கிறது. இந்த வழியில் உயிர் பிழைத்தவர்கள் பலர். ஆனால் மன்னிப்புக் கேட்க அந்த வீட்டு வாசல் வரை போக வேண்டும். அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டும்.

குவைத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சை மாவட்டத்துக்காரர் ஒருவர், கூட வேலை பார்த்த மலப்புரத்துக்காரரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றார். சம்பவம் 2013இல். தண்டனையைக் குறைக்க இறந்தவரின் மனைவி மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். 2017இல் தண்டனை பெற்றவரின் மனைவி தன் அப்பாவோடு மலப்புரத்தில் பாணக்காட்டுக்குப் போய் முனவ்வரலி ஷிஹாப் தங்ஙள் முன்னால் நின்றார். கேட்கப்பட்டது முப்பது லட்சம் ரூபாய். அவர்கள் வீட்டை விற்றுத் தேற்றியது அதில் ஒரு சிறு பங்கு. மீதியைத் தங்ஙள் திரட்டினார். இரண்டு பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள், இருவருக்கும் சின்னப் பெண் பிள்ளைகள். தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை, அழுகை பாதி வேலையைச் செய்துவிட்டது. கடிதம் கையெழுத்தானது. தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது.

மூதூர்த் தாயும் தவாத்மித் தாயும் அப்படி ஒரே அறையில் பாயில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்காத நோன்பு இரவு இல்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. உத்தரப்பிரதேசம் பாண்டா மாவட்டத்து ஷஹ்சாதி கான், அபுதாபியில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண். 2022 டிசம்பரில் குழந்தை இறந்தது. அன்று தடுப்பூசி போடப்பட்டிருந்தது, பிரேதப் பரிசோதனைக்குப் பெற்றோர் சம்மதிக்கவில்லை, வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கியது என்பது அவளுடைய அப்பா தரப்பு. மறுதரப்பு அதை ஏற்கவில்லை, நீதிமன்றங்களும் ஏற்கவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டு அப்பா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 மார்ச் 3ஆம் தேதி பதில் கிடைத்தது: பிப்ரவரி 15ஆம் தேதியே தண்டனை நிறைவேறிவிட்டது.

சட்டங்கள் மாறியிருக்கின்றன, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ரிசானா போன பிறகு இலங்கை, சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயதை 2013இல் 25 ஆக்கியிருந்தது. இந்தியாவில், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்கு அது 30. இங்கே அமீரகத்தில் வீட்டுப் பணியாளருக்கென்று 2017இல் தனிச் சட்டம் வந்தது, 2022இல் புதுப்பித்தார்கள்: பதினெட்டுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை, பாஸ்போர்ட் பணியாளர் கையிலேயே இருக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தின் 800 46342 இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். கராமாவிலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் டாக்ஸியில் பத்து நிமிடம்.

ஆனால் வயது வரம்பை ஏற்ற ஏற்ற, பாஸ்போர்ட்டில் ஏற்ற வேண்டிய வருடமும் கூடுகிறது. விசிட் விசாவில் கூட்டி வந்து இங்கே மாற்றுகிறார்கள். இது எங்கோ படித்த செய்தி இல்லை; கராமா பூங்காவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தமிழிலும் தெலுங்கிலும் சிங்களத்திலும் கேட்கலாம். "உண்மையான வயசா, பாஸ்போர்ட் வயசா?" என்று அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

2007 ஜனவரியில் தவாத்மி சிறையிலிருந்து ரிசானா இலங்கைத் தூதரகத்துக்குத் தமிழில் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள். பால் புட்டியைப் பற்றி, செருப்படியைப் பற்றி, பொலிஸ் பெல்ட்டைப் பற்றி எல்லாம் அதில் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் முன்னால், தன் உண்மையான வயது பத்தொன்பது என்று எழுதியிருந்தாள். பிறந்த தேதியை எழுதி, அதை மாற்றி 1982 ஆக்கியவர் யார் என்பதையும் எழுதியிருந்தாள்.